இவான் இலியிச்சும் மெர்சோவும்: ஒப்பிட்டு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுகலை மாணவர்களின் ஒப்பிலக்கியக் கட்டுரைகளைத் திருத்தும் வேலையை இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவருகிறேன். லியோ டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' (1886), ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' (1942) ஆகிய இரண்டையும் அருகருகே வைத்து, தனித்தன்மை, ஊரோடு ஒத்துப்போதல், சாவு என்ற மூன்றையும் அவை எப்படிக் கையாளுகின்றன என்று எழுதச் சொல்லும் வினா ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் வந்துவிடும். பொருத்தமான இணைதான். இரண்டும் ஓரிரு அமர்வுகளில் படித்து முடிக்கக்கூடிய சிறிய நூல்கள். இரண்டிலும் நீதிமன்றம் இருக்கிறது. இரண்டிலும் ஒரு மனிதன் தன் சாவைப் பார்த்தபடியே கடைசிப் பக்கத்துக்கு வந்து சேர்கிறான். சென்ற மாதம் திருத்திய கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில், மாணவனாக இருந்தபோது நான் செய்த அதே பிழைகளைக் கண்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கதைச்சுருக்கத்தால் பக்கத்தை நிரப்புவது, பாத்திரங்களின் பெயர்களை மாற்றி எழுதுவது போன்றவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றை எந்த ஆசிரியரும் சிவப்பு மையால் சுழித்துவிடுவார்.

முத்திரைச் சொல்லில் தொடங்குவது

'இருத்தலியல் நாவலான அந்நியன்' (வாழ்வின் பொருளை மனிதன் தானே உருவாக்க வேண்டும் என்ற மெய்யியலே இருத்தலியல்) என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டால், அதற்குப் பிறகு நாவலைப் படிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடுகிறது. காம்யு தம்மை இருத்தலியல்வாதி என்று அழைப்பதை ஏற்கவில்லை என்பதையாவது நினைவில் வையுங்கள்.

மொழிபெயர்ப்பின் நடையை ஆசிரியரின் நடையாகக் கொள்வது

'அந்நியன்' கதையைத் தானே சொல்லும் நாயகன் மெர்சோவின் குரல் உணர்ச்சியற்றது என்பதற்குச் சான்றாக அநேகமாக எல்லோரும் நாவலின் முதல் வாக்கியத்தைக் காட்டுகிறார்கள். பிரெஞ்சு மூலத்தில் அங்கே இருக்கும் சொல் 'மாமான்'. குழந்தை தன் தாயை அழைக்கும் சொல் அது. 1946இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அதை விறைப்பான, விலகிநிற்கும் ஒரு சொல்லாக மாற்றியது. 1988இல் வந்த இன்னொன்று பிரெஞ்சுச் சொல்லையே அப்படியே வைத்துக்கொண்டது. தமிழுக்கு இந்தச் சிக்கல் இல்லை, 'அம்மா' என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. இருந்தும் நம் மாணவர்கள் ஆங்கிலத் திறனாய்வுகளைப் படித்துவிட்டு, அந்தச் சொல்லில் இல்லாத ஒரு குளிர்ச்சியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். குளிர்ச்சி இருக்குமிடம் வினைமுற்று. பிரெஞ்சு நாவல்கள் வழக்கமாகப் பயன்படுத்திய இலக்கிய இறந்தகாலத்தைக் காம்யு விலக்கி, அன்றாடப் பேச்சின் இறந்தகாலத்தில் கதையைச் சொன்னார். அதனால் ஒரு வாக்கியம் அடுத்த வாக்கியத்தைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதில்லை. ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தீவு என்று 1943இல் பிரெஞ்சு மெய்யியலாளர் சார்த்ர் எழுதியது இதைப் பற்றித்தான். தமிழில் இந்த இரு இறந்தகாலங்களும் ஒன்றாகிவிடுவதால், நாம் அதைக் காதால் கேட்க முடியாது; தெரிந்துகொண்டு படிக்கத்தான் முடியும்.

டால்ஸ்டாயிடம் இழப்பு வேறு வகையானது. இவானின் வாழ்க்கை எப்படி நடந்தது என்று சொல்லும்போது, 'இனிமையாக', 'கண்ணியமாக' என்ற பொருள்தரும் இரண்டு சொற்களை அவர் மீண்டும் மீண்டும் சேர்த்துவைக்கிறார். ருஷ்ய மொழியில் அவை 'பிரியாத்னோ', 'பிரிலீச்னோ'. ஒரே அசையில் தொடங்கி, ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும் இரட்டையர்கள். கூறியது கூறல் குற்றம் என்று எண்ணும் மொழிபெயர்ப்பாளர் சொல்லை மாற்றி மாற்றிப் போட்டால், ஒத்துப்போதல் என்பது எப்படி ஒரு பல்லவியாக ஒருவன் வாழ்நாள் முழுவதும் ஒலிக்கிறது என்பது வாசகருக்குத் தெரியாமலே போகும்.

இரண்டு பத்திகளாகப் பிரித்துக் கட்டம் போடுவது

என்னை இன்றும் எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். நாவலைப் படித்து முடித்த கையோடு, ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் 'இவான்: ஒத்துப்போனவன்', வலப்பக்கம் 'மெர்சோ: தனித்து நின்றவன்' என்று தலைப்பிட்டுவிடுகிறார்கள். முன்னவன் பொய்யாக வாழ்ந்து சாவில் உண்மையைக் கண்டான், பின்னவன் உண்மையாக வாழ்ந்ததற்காகச் சாவைப் பெற்றான் என்று இரண்டு பத்திகளும் கண்ணாடியும் பிம்பமும் போல் அழகாகப் பொருந்திவிடும். அந்தப் பொருத்தத்தில் மயங்காதவர்கள் குறைவு. நானும் மயங்கினேன்.

என் ஆய்வேடு முழுவதும் அந்தக் கோட்டின்மேல்தான் நின்றது. வாய்மொழித் தேர்வின்போது புறத்தேர்வாளர் ஏட்டைத் திறக்காமலே ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்நியன் நாவலில் எத்தனை பேர் இறக்கிறார்கள்?" நான் தயங்காமல் "இரண்டு பேர், ஐயா" என்றேன். யார் யார் என்றார். "மெர்சோவின் தாயார், பிறகு மெர்சோ" என்றேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, நாவலின் கடைசி வரியில் மெர்சோ உயிரோடு இருப்பதை நினைவூட்டினார். அதன் பிறகும் எனக்கு உறைக்கவில்லை என்பதைக் கண்டு, "கடற்கரையில் சுடப்பட்டவர் எங்கே?" என்று மெதுவாகக் கேட்டார். ஏட்டை முழுவதுமாகத் திருத்தி எழுத எனக்கு ஓராண்டு பிடித்தது. ஓராண்டின் உதவித்தொகையும் போயிற்று. ஆனாலும் என்னை உறுத்திக்கொண்டே இருப்பது, மெர்சோவின் தனித்தன்மையைப் பற்றி 140 பக்கம் எழுதிய என் நினைவில் அவன் கொன்ற மனிதர் ஒருமுறைகூட வரவில்லை என்பதுதான்.

அந்த மனிதருக்கு நாவலில் பெயர் இல்லை. 'அரபு' என்று மட்டுமே குறிக்கப்படுகிறார். மெர்சோ முதலில் ஒருமுறை சுடுகிறான். சற்று நிறுத்தி, அசைவற்றுக் கிடக்கும் உடலின்மேல் மேலும் நான்கு முறை சுடுகிறான். விசாரணை நீதிபதி அந்த இடைவெளியைப் பற்றிக் கேட்கிறார்; விடை கிடைக்காதபோது சிலுவையை எடுத்து நீட்டிக் கடவுளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார். நீதிமன்றத்தில் அரபு மக்களில் ஒருவர்கூடச் சாட்சியாக அழைக்கப்படுவதில்லை. அங்கே பேசப்படுபவை, முதியோர் இல்லத்தில் தாயின் சவப்பெட்டிக்கு அருகே மெர்சோ பால் கலந்த காப்பி குடித்ததும், புகைபிடித்ததும், அடக்கத்தின் மறுநாள் காதலி மரியுடன் நீந்தியதும், நகைச்சுவை நடிகர் ஃபெர்னாந்தெலின் சிரிப்புப் படம் பார்த்ததுமே. இவன்மீதான குற்றம் தாயைப் புதைத்ததா, ஒரு மனிதனைக் கொன்றதா என்று அவனுடைய வழக்கறிஞரே குமுற வேண்டியிருக்கிறது. தாயின் சாவுக்கு அழாதவன் என்பதற்காக மெர்சோவைத் தண்டிக்கும் நீதிமன்றமும், அதற்காகவே அவனை உண்மையின் தியாகியாக ஏற்றிவைக்கும் கட்டுரையும் ஒரே செயலைத்தான் செய்கின்றன: இரண்டும் கொலையுண்டவரைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகின்றன. 2013இல் அல்ஜீரிய எழுத்தாளர் கமேல் தாவூத் அந்த மனிதருக்கு மூசா என்று பெயர் வைத்து, அவருடைய தம்பியின் வாயால் ஒரு முழு நாவலையே எழுத நேர்ந்தது. அவ்வளவு நீண்ட காலம் அந்த இடம் வெறுமையாகக் கிடந்திருக்கிறது.

பொய் சொல்ல மறுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டவன் மெர்சோ என்ற கருத்தைக் காம்யுவே 1955இல் எழுதிய முன்னுரையில் சொல்லியிருக்கிறார் என்று சிலர் வாதிடுவார்கள். சொல்லியிருக்கிறார்தான். ஆனால் நாவலின் முதல் பாகத்தின் ஆறாவது அத்தியாயத்தைத் திறந்துபாருங்கள். அண்டைவீட்டுக்காரன் ரேமோன் தன் காதலியை அடித்த வழக்கில், அந்தப் பெண் ரேமோனை ஏமாற்றினாள் என்று மெர்சோ காவல் நிலையத்தில் சாட்சி சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அவனுக்கு அது நேரில் தெரிந்த செய்தி அல்ல. அவளை வரவழைத்து அவமானப்படுத்துவதற்கான கடிதத்தை எழுதிக்கொடுத்தவனும் அவன்தான். மறுக்கக் காரணம் எதுவும் தோன்றாததால் எழுதிக்கொடுத்தான். திருமணம் செய்துகொள்ளலாமா என்று மரி கேட்டால், உனக்கு விருப்பமென்றால் செய்துகொள்ளலாம் என்கிறான். இவற்றையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால், ஊரை எதிர்த்து நிற்கும் ஒருவன் தென்படுவதில்லை. எதிரே வருபவர் கேட்பதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே போகிற ஒருவன்தான் தென்படுகிறான். அந்தத் தலையாட்டல்தான் அவனைக் கடற்கரை வரை கொண்டுபோய் விடுகிறது.

கட்டத்தின் இடப்பக்கமும் இதே அளவுக்குப் பழுதுபட்டது. இவான் தன்னை ஒத்துப்போகிறவன் என்று எண்ணியதே இல்லை. புதிய வீட்டுக்குப் பட்டுத்துணியும் கருங்காலி மரச்சாமான்களும் பூச்செடிகளும் வெண்கலப் பொருள்களும் வாங்கி அலங்கரித்தபோது, தன் வீடு தனிச்சிறப்பு வாய்ந்தது என்றே நம்பினான். பணக்காரர்களைப் போல் தோன்ற விரும்பும் நடுத்தர வசதிக்காரர்கள் எல்லோருடைய வீடும் அப்படித்தான் இருக்கும் என்பதைக் கதைசொல்லிதான் நமக்குச் சொல்கிறார். திரைச்சீலையை எப்படித் தொங்கவிடுவது என்று வேலையாளுக்குக் காட்ட ஏணியில் ஏறிய இவான், கால் தவறி, சன்னல் சட்டத்தின் குமிழில் விலாவை இடித்துக்கொள்கிறான். பின்னால் வரும் நோய்க்கு அந்த அடியையே அவன் காரணமாக எண்ணுகிறான்.

இதைவிடக் கூர்மையான இடம் ஆறாவது அத்தியாயம். கேயஸ் ஒரு மனிதன், மனிதர்கள் இறப்பவர்கள், ஆகவே கேயஸ் இறப்பவன் என்ற தருக்கப் பாடத்தை இவான் பள்ளி நாட்களிலேயே படித்தவன். கேயஸ் விஷயத்தில் அது முற்றிலும் சரி என்று ஒப்புக்கொள்கிறான். ஆனால் அவன் கேயஸ் அல்லவே. அவன் வான்யா (சிறுவயதில் வீட்டார் அழைத்த செல்லப்பெயர்), அவனுக்கு ஓர் அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள், கோடுகள் போட்ட தோல் பந்து ஒன்று இருந்தது, அந்தப் பந்தின் வாசனையைக் கேயஸ் அறிவானா? 'நான் மற்றவர்களைப் போன்றவன் அல்லன்' என்று இவான் தனக்குள் சொல்லிக்கொள்வது சாவைத் தள்ளிவைப்பதற்காகத்தான். தனித்தன்மை இங்கே அவன் தேடிப் போகும் கடைசி மறைவிடமாக இருக்கிறது. மெர்சோவின் கடைசி இரவு இதற்கு நேரெதிர்த் திசையில் போகிறது. பாதிரியாரின் அங்கியைப் பற்றிக்கொண்டு அவன் கத்துவதன் சாரம், எல்லோரும் சலுகை பெற்றவர்களே, மற்றவர்களும் ஒருநாள் தண்டிக்கப்படத்தான் போகிறார்கள் என்பது. ஊரோடு ஒத்துப்போனவன் தான் வேறு என்று வாதாடுகிறான்; ஊருக்கு அந்நியனானவன் எல்லோரும் ஒன்றே என்று கூவுகிறான். கோடு போட்ட தாளில் இதற்கு இடமே கிடையாது.

தன்மையில் சொன்னால் நெருக்கம் என்று கொள்வது

மெர்சோ 'நான்' என்று சொல்வதால் அவனை நாம் உள்ளிருந்து அறிகிறோம் என்றும், இவானை வெளியிலிருந்து பார்க்கிறோம் என்றும் பலர் எழுதுகிறார்கள். பக்கங்கள் வேறு விதமாகச் சொல்கின்றன. டால்ஸ்டாயின் படர்க்கைக் கதைசொல்லி, முதல் அத்தியாயத்தில் இறந்தவனின் உடலைச் சுற்றி நிற்பவர்களுடன் நம்மை நிறுத்திவிட்டு, அத்தியாயம் அத்தியாயமாக நோயாளிக்கு அருகே கொண்டுசென்று, பன்னிரண்டாம் அத்தியாயத்தில் தன்னை உள்ளே திணிப்பதாக இவான் உணரும், வேறு எவரும் நுழைய முடியாத கறுப்புச் சாக்குக்குள்ளேயே நம்மை இறக்கிவிடுகிறார். மெர்சோவோ வெயிலையும் உப்பையும் அடுத்த வீட்டுச் சலமானோவின் சொறிபிடித்த நாயையும் காட்டுகிறான், தன்னைக் காட்டுவதில்லை.

நீதிமன்றத்தைப் பின்னணிக் காட்சியாக விட்டுவிடுவது

இவானின் தொழிலை ஒரே சொல்லில், 'நீதிபதி' என்று கடந்துவிடுகிறார்கள். ருஷ்யாவின் 1864ஆம் ஆண்டு நீதித்துறைச் சீர்திருத்தங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்த முதல் தலைமுறை அதிகாரிகளில் ஒருவன் அவன்; விசாரணை நீதிபதியாக இருந்து, அரசுத் தரப்பு வழக்கறிஞராகி, பின் நீதிமன்ற உறுப்பினராக உயர்ந்தவன். அதாவது, 'அந்நியன்' நடக்கும் அல்ஜியர்ஸில் மெர்சோவுக்கு எதிர்ப்பக்கம் அமர்ந்திருப்பவர்களின் நாற்காலிகள் அனைத்திலும் இவான் அமர்ந்திருக்கிறான். இருவரையும் தனித்தனிப் பத்திகளில் அடைப்பதற்கு மாறாக, ஒரே மேசையின் இரு பக்கங்களில் அமர்த்திப் பாருங்கள். எழுதுவதற்கு எவ்வளவோ கிடைக்கும்.

இவானின் திறமை, வழக்குக்குத் தொடர்பில்லாத அனைத்தையும் வெளியே தள்ளிவிட்டு, எவ்வளவு சிக்கலான விவகாரத்தையும் தாளில் வரக்கூடிய புறவடிவமாகச் சுருக்குவதில் இருந்தது. அந்தத் திறமையை மருத்துவர் அவன்மீதே பயன்படுத்துகிறார். தான் பிழைப்பேனா என்பதே இவானின் ஒரே கேள்வி. மருத்துவருக்கோ அது பொருத்தமற்ற கேள்வி, அவருடைய வழக்கு இடம்பெயர்ந்த சிறுநீரகத்துக்கும் குடல்வாலுக்கும் இடையில் நடக்கிறது. கைதியின் முன் தான் ஆயிரம் முறை செய்துகாட்டிய அதே பாவனையை இவான் அங்கே அடையாளம் கண்டுகொள்கிறான். அல்ஜியர்ஸ் நீதிமன்றம் இதைத் தலைகீழாகச் செய்கிறது. தொடர்பில்லாத காப்பியும் கடல்குளியலும் உள்ளே வருகின்றன, கொலை வெளியே போய்விடுகிறது. ஒரு மன்றம் மனிதனை நீக்கிவிட்டு வழக்கை எடுத்துக்கொள்கிறது. மற்றது வழக்கை நீக்கிவிட்டு மனிதனை எடுத்துக்கொள்கிறது. இரண்டிலும் கூண்டில் நிற்பவனுக்குத் தன் சொந்த விவகாரத்திலேயே இடமில்லை.

ஆசிரியரின் வாழ்க்கையைக் கொண்டு முடிச்சவிழ்ப்பது

வேண்டாம்.

ஒளியையும் விண்மீன்களையும் ஒன்றாக்குவது

இருவருமே இறுதியில் அமைதி அடைகிறார்கள் என்ற வாக்கியத்தை நான் பார்த்த இடத்திலெல்லாம் அடித்துவிடுகிறேன். சாவின் இடத்தில் ஒளியைக் காணும் இவானின் அமைதி மற்றொருவர் தொட்டதால் வருகிறது. மூன்று நாள் ஓயாத அலறலுக்குப் பிறகு, துழாவிக்கொண்டிருந்த அவன் கை மகனின் தலைமேல் விழ, அந்தப் பள்ளிச் சிறுவன் அதைப் பற்றி உதட்டில் வைத்து அழுகிறான். 'மன்னித்துவிடு' என்று பொருள்படும் 'பிரஸ்தீ' என்ற சொல்லைச் சொல்ல இவான் முயலும்போது, 'வழிவிடு' என்று பொருள்படும் 'பிரபுஸ்தீ' வாயில் வந்துவிடுகிறது. திருத்திச் சொல்ல வலுவில்லாமல், புரிந்துகொள்ள வேண்டியவருக்குப் புரியும் என்று கையை அசைத்து விட்டுவிடுகிறான். மெர்சோவுக்கு அமைதி வரும்போது அவனைத் தொட அறையில் எவரும் இல்லை. பாதிரியார் வெளியேறிய பிறகு உறங்கி விழித்து, முகத்தின்மேல் விண்மீன்களைக் காண்கிறான். முதுமையின் விளிம்பில் தாய் ஏன் ஒரு துணையைத் தேடிக்கொண்டாள் என்பது அவனுக்கு அப்போது விளங்குகிறது. அவளுக்காக அழும் உரிமை எவருக்கும் இல்லை என்று நினைக்கிறான். பிறகு, தன் தலை துண்டிக்கப்படும் நாளில் வெறுப்பொலியுடன் பெருங்கூட்டம் வரவேண்டும் என்று விரும்புகிறான். மன்னிப்பைக் கேட்க வாய் திறந்தவனையும் வெறுப்பை வேண்டி நிற்பவனையும் 'அமைதி' என்ற ஒரே சொல்லால் மூடுவது சோம்பல்.

பணிவிடை செய்பவர்களைத் தவறவிடுவது

கட்டம் போடுவதால் விளையும் இழப்புகளில் இதைத்தான் எந்தக் கட்டுரையிலும் எவரும் ஈடுசெய்யக் காணவில்லை. டால்ஸ்டாயின் நூலில் கெராசிம் என்ற இளைஞன் இருக்கிறான். தார் வாசனை வீசும் காலணிகளோடும் வெளிக்குளிரின் புத்துணர்ச்சியோடும் நோயாளியின் அறைக்குள் வருகிறவன். அவன் எதையும் எதிர்த்தவன் அல்லன்; எசமானர் சொன்னதைச் செய்யும் வீட்டு வேலையாள். ஒத்துப்போகிறவன், தனித்து நிற்பவன் என்ற இரு தலைப்புகளில் எதன் கீழும் அவனை எழுத முடியாது. மலக்கலத்தை எடுத்துச் செல்பவன் அவன். இவான் செத்துக்கொண்டிருக்கிறான் என்பதை மறைக்காத ஒரே ஆளும் அவனே. எல்லோரும்தான் சாகப் போகிறோம், கொஞ்சம் சிரமப்பட்டால் என்ன என்று சொல்லிவிட்டு, எசமானரின் கால்களைத் தன் தோள்களில் ஏந்தியபடி இரவு முழுவதும் உட்கார்ந்திருக்கிறான்.

காம்யுவின் நூலில் இதற்கு இணை இல்லை என்றே நான் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன், வகுப்பிலும் அப்படியே சொல்லிவந்தேன். இரண்டாம் பாகத்தின் இரண்டாவது அத்தியாயத்தில் சில வரிகள் இருக்கின்றன. கைதான நாளில் மெர்சோவை வேறு பல கைதிகளுடன் ஒரே அறையில் அடைக்கிறார்கள்; அவர்களில் பெரும்பாலோர் அரபுகள். அவனைக் கண்டு சிரிக்கிறார்கள், என்ன செய்தாய் என்று கேட்கிறார்கள். ஓர் அரபைக் கொன்றேன் என்கிறான். எல்லோரும் மௌனமாகிவிடுகிறார்கள். சற்று நேரத்தில் இருட்டுகிறது. அப்போது அவர்கள், அவன் படுக்க வேண்டிய பாயை எப்படி விரிப்பது என்று அவனுக்கு விளக்குகிறார்கள். ஒரு முனையைச் சுருட்டிவைத்தால் தலையணையாகிவிடும்.